எண்ணி வாங்குங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் தவில் படித்தவன். படிப்பு முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முகூர்த்த நாளில் லீவு கிடைத்தால், யாராவது கூப்பிடுகிற செட்டில் போய் வாசித்துவிட்டு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு, கோயில் உத்தியோகமோ வாத்தியார் வேலையோ இல்லாமல், உங்களைப் போல வெளி வாசிப்பை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

நீங்கள் தவிலைப் பற்றி எழுதினாலும் அதில் அரசியல் வந்துவிடுகிறது. கலைஞன் எல்லாருக்கும் பொது, அரசியல் பேசினால் வாத்தியத்தின் தெய்வீகம் போய்விடும் என்று என் ஆசிரியர் சொல்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இன்னொன்று, இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் செண்டை மேளம். நம் பண்பாடு அழிகிறதே, அரசு இதைத் தடை செய்யக் கூடாதா?

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பேசியதைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. கலையை விலை பேசலாமா, சன்மானம் என்பது மனமுவந்து கொடுப்பதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்புடன்,
கா. செ., ஓசூர்.

அன்புள்ள தம்பிக்கு,

கேள்விக்குறி போட்டு மூன்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி போடாமல் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே நாலு வரி, அதுதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. ஆடி மாதம், வாசிப்பு கிடையாது. தவிலுக்குத் தோல் மாற்றக் கொடுத்திருக்கிறேன், நான் திண்ணையில் உட்கார்ந்து, தவில் வாசிக்க விரல் நுனியில் மாட்டுகிற கூடு செய்துகொண்டிருக்கிறேன். கூடு காயும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன், அதனால் அங்கங்கே விட்டுவிட்டுத்தான் வரும்.

செண்டை மேளத்தை முதலில் முடித்துவிடலாம். தடை எல்லாம் வேண்டாம் தம்பி. அந்தப் பையன்கள் பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் ராத்திரி வண்டி ஏறி வருகிறார்கள், தோளில் அவ்வளவு கனத்தைத் தொங்கவிட்டு வெயிலில் நின்று அடிக்கிறார்கள், மறுநாள் காலை ஊர் திரும்புகிறார்கள். அவர்களும் நம்மைப் போலக் கூலிக்காரர்கள்தான். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்துவிட்டார். அப்போது யாராவது தடை கேட்டிருந்தால் அந்த நாதஸ்வரத்தை நாம் கேட்டிருப்போமா? பண்பாடு அழிகிறது என்று கவலைப்படுகிற நாம், நம் ஊர்ப் பறை அடிக்கிறவரைக் கல்யாணப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவைத்து, நம்முடையது மங்கல வாத்தியம், அவருடையது வேறு என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

அப்புறம் அரசியல். உங்கள் ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவர் சொன்னதை நீங்கள் அப்படியே நம்புவது எனக்குக் கோபம்தான். கலைஞன் அரசியல் பேசாமல் இருக்கலாம், அரசியல் அவனை விட்டுவைக்காது. என் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி 500 ரூபாய் நோட்டும் 1000 ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தக் கார்த்திகையில் நான் வாசித்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் பழைய நோட்டாகவே கொடுத்தார்கள். வாங்காமல் இருக்க முடியாது, வாங்கினால் மறுநாள் பேங்க் வரிசை. நாதஸ்வரக்காரர், நான், தாளம் போடுகிற பையன் மூன்று பேரும் காலை எட்டு மணியிலிருந்து வரிசையில் நின்றோம், மதியம் எங்கள் முறை வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அது போதாதென்று அந்த வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்கவில்லை. மழையும் ஏமாற்றியது, சம்பா கருகியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. டெல்டாவில் தையில் அறுவடை நடந்தால்தான் தை மாசியில் கல்யாணம் களைகட்டும். அந்தத் தை, மாசிக்கு எனக்கு அச்சாரம் வாங்கியிருந்தது 11 கல்யாணம். அதில் 6 கல்யாணத்தைக் கோயிலில் வைத்து எளிமையாக முடித்துக்கொண்டார்கள், எங்கள் செட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நான் இல்லாமலே நடந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வயல் கருகிக் கிடக்கும்போது யாருக்குக் கெட்டிமேளம் கேட்கும்?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் கர்நாடகம் வருடத்துக்கு நமக்கு விட வேண்டிய தண்ணீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. விவசாயிகள் சங்கத்தோடு நானும் கும்பகோணத்தில் ஊர்வலம் போனேன். தவிலை மாட்டிக்கொண்டு போகவில்லை, வெறுங்கையோடு போனேன். மேளக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைச் செய்யக் கொறுக்கைத் தட்டை என்கிற நாணலைக் காவிரிக் கரையில்தான் வெட்டுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, கரையில் மண்ணும் இல்லை என்றால் திருவாவடுதுறைச் சீவாளி எங்கிருந்து வரும்? இதெல்லாம் தெய்வீகத்தைக் குறைக்கிறதா? தெய்வீகம் பேசுகிற கோயில்களில்தான் தம்பி, மேளக்காரர் ஓய்வுபெற்ற இடத்தில் ஆள் போடாமல் மோட்டார் வைத்த மணியையும் முரசையும் மாட்டியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் தீபாராதனை முடிகிறவரை அடித்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு லயமும் தெரியாது, சுவாமி புறப்பட்டுவிட்டார் என்பதும் தெரியாது. புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியை வாசித்துத் தூக்கிய சுவாமியை இன்றைக்கு எத்தனை கோயிலில் அப்படித் தூக்குகிறார்கள்? உங்கள் ஆசிரியர் இதைப் பற்றிப் பேசட்டும்.

சரி, இப்போது உங்கள் கடைசி நாலு வரிக்கு வருகிறேன்.

1987. எனக்கு 13 வயது. அப்பா தவில், நான் தாளம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரிய பண்ணை வீட்டுக் கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் விடிகாலை முகூர்த்தம், மாலையில் நலங்கு வரைக்கும் எங்கள் செட்டுதான். 900 ரூபாய் பேசியிருந்தது. அப்பா அன்றைக்கு வாசித்ததை இன்றைக்கும் என்னால் சொல்லிக்காட்ட முடியும். முகூர்த்தம் முடிந்து நாதஸ்வரக்காரர் தோடி ராகத்தை எடுத்தார், முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் இலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் சாப்பிட்டது நாலாவது பந்திக்கு அப்புறம், கொல்லைப்புறச் சமையல் கட்டை ஒட்டின சிமெண்டுத் தரையில். பாயசம் தீர்ந்துவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் ஒரு ஜாங்கிரியை எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுத்தார்.

மாலை நலங்கு முடிந்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அப்பா கூட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வியர்வையில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் சுருங்கிக் கிடந்தது. சுண்டு விரலில் கூட்டின் விளிம்பு அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. அப்போது கணக்குப்பிள்ளை தாம்பூலத் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், வெற்றிலைக்கு அடியில் பணம். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, அப்படியே மடியில் கட்டிக்கொண்டார்.

மன்னார்குடியில் பஸ் ஏறினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கி டீக்குப் போய்விட்டார். அப்பா மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ணினார். 750. இன்னொரு தடவை எண்ணினார். வெற்றிலையை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார், ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. மூன்றாவது தடவை எண்ணும்போது ரயில் போயிற்று, அந்தச் சத்தத்தில் அவர் உதடு அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு நாதஸ்வரக்காரருக்கு அவர் பங்கைக் குறைக்காமல் கொடுத்தார், சுருதிக்கு ஒத்து ஊதுகிறவருக்குக் கொடுத்தார். குறைந்த 150ம் அவர் பங்கில் போயிற்று.

திரும்பிப் போய்க் கேட்கலாமே என்றேன். "கொடுக்கிறவங்க முன்னாடி எண்ணக் கூடாதுடா, அது மரியாதை இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி, அந்த "எண்ணக் கூடாது" என்பதை யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் முப்பது வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கல்யாணத்துக்குத் தேங்காய் எண்ணித்தான் இறக்கினார்கள். வாழை இலையை எண்ணித்தான் வாங்கினார்கள். சமையல்காரர் கரண்டி, அண்டா எல்லாவற்றையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார். பந்தல்காரர் எத்தனை கால் நட்டார், எத்தனை கீற்று போட்டார் என்று கணக்குச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். யாருக்கும் மரியாதை குறையவில்லை. மேளக்காரனுடைய பணம் மட்டும் வெற்றிலைக்கு அடியில் வந்தது. அதற்குப் பெயர் சன்மானம். சன்மானம் என்று பெயர் வைத்துவிட்டால் கொடுக்கிறவர் வள்ளல் ஆகிவிடுகிறார், வாங்குகிறவன் கைநீட்டுகிறவன் ஆகிவிடுகிறான். பேசின கூலி என்ற ஒன்றே அங்கே இல்லாமல் போகிறது. 150 ரூபாய் குறைந்தால் அது கடன் பாக்கி இல்லையாம், அவர் மனம் அவ்வளவுதான் உவந்ததாம். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, "மனமுவந்து கொடுப்பதுதானே" என்று. ஓசூர் கம்பெனியில் மாதக் கடைசியில் சம்பளத்தில் 2,000 குறைந்தால், முதலாளி மனமுவந்தது அவ்வளவுதான் என்று சும்மா இருப்பீர்களா? எச்.ஆர். வாசலில் நிற்க மாட்டீர்களா? அங்கே நிற்கிற கால் இங்கே ஏன் கூசுகிறது?

கலையை விலை பேசலாமா என்று கேட்காதீர்கள். விலை பேசாமல் இருந்தது வசதி உள்ளவர்கள் வீட்டுப் பெருமை, அதை நம் வீட்டுக்குக் கடன் வாங்கி வந்துவிட்டோம். காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து, குளித்து, பத்துப் பன்னிரண்டு கிலோ தவிலை டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக் கட்டி, பனியில் தோல் தொய்யாமல் போர்வையைச் சுற்றி, நாலரை ஆறு முகூர்த்தத்துக்குப் போய் நிற்கிறவனுக்கு அது வேலை. பக்தியும் உண்டு, ஆசையும் உண்டு, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. தவில் மட்டும் முழங்குகிற தனி ஆவர்த்தனத்தில், கோர்வைக் கணக்கு பிசகாமல் தாளம் தொடங்குகிற சமத்தில் வந்து விழும்போது எனக்குக் கண் கலங்கும், இன்றைக்கும். ஆனால் அந்தக் கண்ணீரைக் காட்டி எவனும் என் கூலியில் பிடிக்கக் கூடாது.

நீங்கள் அரசியல் என்று கேட்டீர்களே, என் அரசியல் இதுதான். நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பற்றி எல்லாரும் பேசுவார்கள். கிராப்பு வைத்தார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார் என்று அவருடைய கம்பீரத்தை மெச்சுவார்கள். நானும் மெச்சுகிறேன். ஆனால் அவர் கேட்டது என்ன? உட்கார இடம். மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்து ஊதுகிறவனுக்கு உட்கார இடம் கேட்பது வேலை செய்கிற இடத்தின் வசதி. நாதஸ்வர வித்வான் மதுரை சிவக்கொழுந்து கதையும் அப்படித்தான். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் தோளில் துண்டு போட்டு வாசிக்கிறார் என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அது வியர்வை துடைக்கிற துண்டு என்றார் அவர். எடுத்தால்தான் வாசிக்கலாம் என்றார்கள். அங்கே இருந்த சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, துண்டை எடுக்காமல் வாசியுங்கள் என்று பக்கத்தில் நின்றார். இதை மேடைக்கு மேடை சுயமரியாதைக் கதையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, மறுநாள் தாம்பூலத் தட்டை எண்ணாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்தால் என்ன பிரயோசனம்? என் அப்பா தட்டை வாங்குவதற்கு முன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினாரே, அது அந்தக் கானாடுகாத்தான் கதை நடந்து அரை நூற்றாண்டுக்கு அப்புறம்.

நான் முதல் முதலாக எண்ணி வாங்கியது 2003இல். செட்டு வைத்து நானே பேச ஆரம்பித்த வருடம். ஊர்ப் பெயர் வேண்டாம். மண்டபத்தில் பெண்ணின் சித்தப்பா கவரைக் கொடுத்தார். அவர் முன்னாலேயே பிரித்து எண்ணினேன். கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "நம்பிக்கை இருக்குங்க, என்கூட வந்த நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கணும், அதான்" என்றேன். பணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அதற்கப்புறம் நடந்த ஐந்து கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவன் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு விஷயம் போயிற்று. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சுப்பா" என்றேன். "சரி" என்று சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. பாதி அச்சாரத்தை போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள், மீதி நலங்குக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுகிறேன். எத்தனை மணிக்கு ஆரம்பம், ஜானவாச ஊர்வலம் உண்டா, உண்டென்றால் அதற்குத் தனி, போக வர வண்டி யாருடையது, சாப்பாடு இரண்டாவது பந்தியில், மேடையில் உட்கார ஜமக்காளம் அல்லது நாற்காலி, எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்பி சரி என்று பதில் வாங்கிவிடுவேன். இதைச் செய்கிறேன் என்று எனக்கு மூத்த வித்வான் ஒருவர் வருத்தப்பட்டார், நம் தொழிலுக்கு ஒரு கௌரவம் இருந்தது, காண்டிராக்டர் மாதிரி ஆக்கிவிட்டாயே என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னேன், காண்டிராக்டருக்கு நாலாவது பந்தி கிடையாதுங்க ஐயா என்று.

அதனால் நீங்கள் முதலில் அந்தக் கல்யாணப் பணத்தைக் கேட்டு போன் பண்ணுங்கள். வீட்டுக்காரருக்கு நேராகப் பண்ண வேண்டாம், உங்களைக் கூப்பிட்ட செட்டுக்காரருக்குப் பண்ணுங்கள். குறைத்தது வீட்டுக்காரரா, செட்டுக்காரரா என்பது உங்களுக்கே தெரியாது. இதுவும் நடக்கிறது, நம் ஆட்களே செய்கிறார்கள், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது, இனிக் கேட்டால் நன்றாக இருக்குமா என்று யோசிக்காதீர்கள். கிடைக்காமல் போகலாம். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

வேலையை விடலாமா என்பதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதைக்கு விடாதீர்கள். பஞ்சாங்கத்தில் எனக்கு 45 முகூர்த்தம் வாய்த்தால் அது நல்ல வருடம். ஆடியும் மார்கழியும் கிடையாது, புரட்டாசியும் பல வீட்டில் கிடையாது. இடைப்பட்ட நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மாதத்தில் ஒன்றிரண்டு ரெக்கார்டிங், அம்மன் கோயில் திருவிழா. 2020இல் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் மொத்தமாகப் போனபோது என் மனைவி தையல் மெஷினை வைத்துத்தான் வீடு நடந்தது. உங்களுக்கு அப்படித் தாங்குகிற தோள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கை எப்படி என்பதை நான் கேட்டால்தான் சொல்ல முடியும், கடிதத்தில் தெரியாது.

ஆவணியில் முதல் முகூர்த்தம் கும்பகோணத்தில் வாசிக்கிறேன். இரண்டாவது தவிலுக்கு ஆள் வேண்டும். லீவு போட முடிந்தால் வாருங்கள், முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டால் ராத்திரி கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். வலது கை விரல்களை நூலால் அளந்து, எது எந்த விரல் என்று எழுதி அனுப்புங்கள், இந்த ஆடியிலேயே உங்களுக்கும் கூடு செய்து வைக்கிறேன். கூலி 3,000 ரூபாய், சாப்பாடு, ஓசூரிலிருந்து போக வர பஸ் கட்டணம் தனி. குறைவென்று தோன்றினால் வருவதற்கு முன்னாலேயே போனில் பேசிவிடுங்கள்.